நிரலின் முடிவும் கணக்கின் மெய்யும்

மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் சாலையில், ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மாட்டுப்பட்டி. பட்டி என்பது கால்நடைகளை இரவில் அடைத்து வைக்கும் இடத்தைக் குறிக்கும் பழஞ்சொல். பெயருக்கு இசையவே, இந்திய-ஸ்விஸ் கால்நடை அபிவிருத்தித் திட்டம் 1963-ஆம் ஆண்டில் இவ்விடத்தை மையமாகக் கொண்டு தொடங்கப்பெற்றது. ஸ்விட்சர்லாந்திலிருந்து கொணரப்பட்ட பிரௌன் ஸ்விஸ் காளைகளை உள்நாட்டுப் பசுக்களோடு கலந்து உருவாக்கிய சுனந்தினி என்னும் இனம் இன்று கேரளம் எங்கும் பரவியுள்ளது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல, நாட்கூலியோடு ஓரிரு பசுக்களின் வருவாயையும் நம்பி வாழ்கின்றன. இக்கட்டுரையின் பொருள் பசு அன்று. கணிப்பொறி நிரல் ஒன்று எவ்வாறு முடிவடைய வேண்டும் என்பதே. ஆயினும் அப்பொருளை நான் முதன்முதலில் நேரிற் கண்டு வருந்தியது ஒரு பால் நிலையத்தில் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கால்நடை வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பணியின் பொருட்டு, உழைப்போர் வாயில் வழங்கும் சொற்களைக் கேட்டறிய அவ்வட்டாரத்தில் இரண்டு நாட்கள் தங்கினேன். ஆனி மாதம்; தென்மேற்குப் பருவமழை விடாது பெய்துகொண்டிருந்தது. மாலையில் ஊர்ப் பால் சேகரிப்பு நிலையத்துக்குச் சென்றேன். ஒவ்வொருவரும் கொண்டுவந்த பாலை எடை போட்டு, கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் ஒரு சிறு சாதனத்தால் அளந்து, அவ்வெண்களை மேசைக் கணிப்பொறியில் பதிந்துகொண்டிருந்தார் இளைஞர் ஒருவர். நிரல் லினக்ஸ் முறையில் இயங்குவது. கறுத்த கட்டளைத் திரை ஒன்றில் உறுப்பினர் எண்ணையும் அளவையும் தட்டினால், விலையைக் கணக்கிட்டு மறுமொழி தரும். பார்ப்பதற்கு எளிது, வேகமும் உடையது. வரிசை நன்றாகவே நகர்ந்தது.

பாதிக்கு மேற்பட்டவர்கள் பால் ஊற்றியாகிவிட்ட வேளையில் மின்சாரம் நின்றது. எங்கோ மரம் விழுந்திருக்க வேண்டும். அம்மலையில் மழைக்காலத்தில் இது புதுமையன்று. யு.பி.எஸ். பெட்டி கூவத் தொடங்கிற்று. அதன் பேட்டரி பழையது, சில நிமிடங்களே தாங்கும் என்பது இளைஞருக்குத் தெரியும். ஆதலால் அவர் தடுமாறாமல், நிரல் ஓடிய சாளரத்தின் மூலையிலிருந்த பெருக்கற்குறியை அழுத்தி மூடினார். பின்னர் கணிப்பொறியையும் முறைப்படி நிறுத்தினார். எஞ்சியவர்களின் பாலை டார்ச் வெளிச்சத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டனர். யாவும் ஒழுங்காக நடந்ததாகவே நானும் எண்ணினேன்.

மறுநாட் காலை நிலையம் திறந்ததும் நிரல் ஓட மறுத்தது. ‘இந்நிரலின் வேறொரு பிரதி முன்னரே இயங்குகிறது’ என்று திரை கூறிற்று. வேறு பிரதி எங்குமில்லை. யாருக்கோ தொலைபேசியில் பேசி, ஏதோ ஒரு கோப்பை நீக்கி, நிரலை எழுப்புவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுந்தபின், முந்தைய மாலையின் பதிவுகள் ஒன்றுகூட இல்லை. நோட்டில் எழுதப்பெற்ற கடைசிச் சிலரின் கணக்கு மட்டும் தப்பியது.

“நேற்றுச் சாயங்காலம் ஊற்றின பாலுக்குக் கணக்கு எங்கே, தம்பி?” என்று மூதாட்டி ஒருவர் கேட்டார். “முந்தின நாள் அளவையே எல்லாருக்கும் போட்டுக்கொள்கிறோம், பாட்டி” என்றார் இளைஞர். அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அம்மூதாட்டியின் பசு கன்று ஈன்று, சீம்பால் நாட்கள் கழிந்து, அன்று மாலைதான் முதன்முறையாகப் பால் ஊற்றியிருந்தது. அவருக்கு முந்தின நாள் என்பதே இல்லை. பிறர் சாட்சி சொன்னதன் பேரில் ஏதோ ஒரு தொகை எழுதிக்கொண்டார்கள். அவர் அதற்குமேல் பேசவில்லை.

இழப்பு சில லிட்டர் பாலின் விலை. ஆயினும், கணக்கு என்னும் சொல்லின் மெய்யே அங்குக் கெட்டுப்போயிற்று என்று எனக்குத் தோன்றியது. பின்னர் அந்நிரலை எழுதியவர் யாரென்று தேடாமல், அது எதனால் அவ்வாறு நடந்துகொண்டது என்பதை மட்டும் ஆராயலானேன். கணிப்பொறி நூல்களையும் கையேடுகளையும் மொழிபெயர்ப்பது என் தொழிலின் ஒரு பகுதியாதலால் அதற்கு வழியிருந்தது.

நிரல் பைத்தான் மொழியில் எழுதப்பெற்றது. அன்றன்றைய பதிவுகளை எல்லாம் நினைவகத்தில் வைத்திருந்து, முடியும் தறுவாயில் மொத்தமாகக் கோப்பில் எழுதுவது அதன் முறை. அத்துடன், தொடங்கும்போது தான் இயங்குவதற்கு அடையாளமாக ஒரு பூட்டுக் கோப்பை உண்டாக்கி, முடியும்போது அதை நீக்கிவிடும். இவ்விரு வேலைகளையும் ‘முடியும்போது செய்’ என்று பைத்தானிடம் முன்கூட்டியே பதிவு செய்திருந்தார்கள். இத்தகைய வேலைகளை இக்கட்டுரையில் முடிவுப்பணி என்று வழங்குவோம். 1989-ஆம் ஆண்டின் சி மொழித் தரத்திலேயே அட்எக்சிட் என்ற பெயரில் இவ்வசதி இடம் பெற்றது. குறைந்தது 32 பணிகளைப் பதிவு செய்துகொள்ள இடம் தரவேண்டும் என்றும், பதிந்த வரிசைக்குத் தலைகீழாக அவை நடைபெறும் என்றும் அத்தரம் விதிக்கிறது. கடைசியாகத் திறந்ததை முதலில் மூடுதல் என்னும் வீட்டுப் பழக்கத்தையே இது ஒத்தது. பைத்தானும் அதே பெயரில் அதே வசதியைத் தருகிறது.

குறை எங்கு நேர்ந்தது? முடிவு என்பது ஒன்றே என்று நிரலாசிரியர் கருதியதில். நிரல் தன் வேலையை முடித்துத் தானே விடைபெறுதல் ஒரு வகை முடிவு. வெளியிலிருந்து சமிக்ஞை வந்து அதை முடித்தல் வேறு வகை. யூனிக்ஸ் வழிவந்த முறைகளில், நிரல்கள் அனைத்தையும் ஆளும் கர்னல் இச்சமிக்ஞைகளைக் கொண்டு சேர்க்கிறது. விசைப்பலகையில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் 2-ஆம் எண்ணுள்ள சமிக்ஞை வரும். திரைச் சாளரத்தை மூடினாலோ தொலை இணைப்பு அறுந்தாலோ 1-ஆம் எண். கணிப்பொறியை நிறுத்தும்போது ஓடும் நிரல்களிடம் மரியாதையாக விடைபெறச் சொல்வது 15-ஆம் எண். மறுமொழிக்கு இடமின்றி உயிர்போக்குவது 9-ஆம் எண். பைத்தானில் 2-ஆம் சமிக்ஞை மட்டும் இயல்பாகவே ஒரு விதிவிலக்காக மாற்றப்பட்டு, நிரலின் படிகளினூடே மேலேறி வந்து, முடிவுப்பணிகள் நடைபெற வழிசெய்கிறது. 1-ஆம் எண்ணுக்கும் 15-ஆம் எண்ணுக்கும் நிரலாசிரியர் தாமாக ஏற்பாடு செய்யாவிடில், நிரல் அந்த இடத்திலேயே மாயும். பதிந்து வைத்த பணிகளில் ஒன்றும் நடவாது. நிரலாசிரியர் தம் மேசையில் எப்போதும் கன்ட்ரோல்-சி அழுத்தியே சோதித்திருப்பார். எல்லாம் சரியாக இருந்திருக்கும். மாட்டுப்பட்டி மலையில் இளைஞர் பெருக்கற்குறியை அழுத்தினார். பேட்டரியில் இன்னும் நிமிடங்கள் இருந்தன. எழுதுவதற்கு ஒரு நொடி போதும். ஆயினும் எழுதப்படவில்லை.

இக்குறை ஒரு மொழிக்கு மட்டும் உரியதன்று. கோ மொழியில் ‘பின்னர்ச் செய்க’ என்று ஒத்திவைத்த வேலைகள், ஆஸ்.எக்சிட் என்னும் கட்டளை வந்தால் நடைபெறா. ரஸ்ட் மொழியில் நிரலை உடனே முடிக்கும் கட்டளை, பொருள்களை ஒழிக்கும் பணிகளைக் கடந்து போய்விடும். சி மொழியிலேயே எக்சிட் என்பதற்கும் அடிக்கோட்டை முன்னிட்ட எக்சிட் என்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. முன்னது முடிவுப்பணிகளைச் செய்து, இடைத்தேக்கத்தில் நின்ற எழுத்துக்களையும் வெளியேற்றும். பின்னது இரண்டையும் செய்யாது. ஷெல் கட்டளைத் தொகுப்புக்களில் டிராப் என்னும் சொல்லால் முடிவுப்பணியைப் பதியலாம். ஆனால் சமிக்ஞையால் முடியும்போதும் அது நடைபெறுமா என்பதில் எல்லா ஷெல்களும் ஒத்துப்போவதில்லை. ஆகவே ‘நான் முடிவுப்பணியை எழுதியிருக்கிறேன்’ என்று ஒருவர் கூறினால், ‘எந்த முடிவுக்கு?’ என்று கேட்பது தகும்.

சரி, எல்லாச் சமிக்ஞைகளுக்கும் ஏற்பாடு செய்துவிடுவோம் என்று கிளம்புவோர் அடுத்த குழியில் விழுவர். சமிக்ஞை எந்த நொடியில் வரும் என்பது தெரியாது. நிரல் நினைவகத்தில் இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கும் நடுவே வரலாம். ஒரு வரியைப் பாதி எழுதிய நிலையில் வரலாம். அத்தருணம் உள்ளே ஒரு பூட்டு பிடிக்கப்பட்டிருக்கும். சமிக்ஞையைக் கவனிக்கும் பகுதியும் அதே பூட்டைக் கேட்டால், அது என்றும் கிடைக்காது. நிரல் சாகவும் இல்லை, வாழவும் இல்லை என்ற திரிசங்கு நிலையில் தொங்கும். ஆதலால்தான், சமிக்ஞை கவனிக்கும் பகுதியில் செய்யத்தக்க செயல்கள் இவையிவை என்று பாசிக்ஸ் தரம் ஒரு குறுகிய பட்டியலை வகுத்துள்ளது. சாதாரண அச்சிடும் கட்டளைகூட அதில் இல்லை. அனுபவமுள்ளோர் அங்கே ஒரு கொடியை மட்டும் உயர்த்திவிட்டுத் திரும்புவர். நிரலின் பிரதான ஓட்டம் அக்கொடியைக் கண்டு, கையில் உள்ள வேலையை முடித்து, புதிய வேலையை ஏற்காமல், வரிசையாக ஒதுங்கும்.

இவ்வரிசை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அதே மலையில் நல்ல சான்று உண்டு. மாட்டுப்பட்டி அணையிலும் குண்டளை அணையிலும் தேக்கிய நீர் முதிரைப்புழையில் இறங்கிப் பள்ளிவாசல் மின்நிலையத்துக்குச் செல்கிறது. 1940-ஆம் ஆண்டில் மின்சாரம் வழங்கத் தொடங்கிய இந்நிலையத்தில் பெல்டன் வகைச் சக்கரங்கள் சுழல்கின்றன. கம்பி அறுந்து மின்பளு திடீரென்று நீங்கினால், சக்கரம் கட்டுக்கடங்காத வேகம் கொள்ளும். நீரை உடனே தடுத்தாக வேண்டும். ஆனால் உயரத்திலிருந்து குழாய்வழி இறங்கும் நீரை ஒரே நொடியில் மூடினால், அதன் மோதலால் குழாய் வெடிக்கும். ஆகவே பெல்டன் சக்கரங்களில் இரண்டு படிகள் அமைப்பார்கள். முதலில் ஒரு தகடு குறுக்கே வந்து, பீறிடும் நீரைச் சக்கரத்தினின்றும் விலக்குகிறது. பின்பு ஊசிவால்வு மெல்ல மெல்ல மூடுகிறது. புதிய வேலையை உடனே விலக்குதல், ஏற்கெனவே குழாயில் உள்ளதை நிதானமாக அடக்குதல் என்னும் இவ்விரண்டும் நிரலுக்கும் பொருந்தும்.

இன்னும் சில நுட்பங்கள் உள்ளன. முடிவுப்பணி இருமுறை அழைக்கப்படலாம்; பொறுமையிழந்தவர் கன்ட்ரோல்-சியை இரண்டாம் முறையும் அழுத்துவார். முன்னரே நீக்கிய கோப்பை மீண்டும் நீக்க முயன்று தவறு கூறாத வகையில் அப்பணி எழுதப்பட வேண்டும். பணி முடிந்தபின், ‘நான் இயல்பாக முடிந்தேன்’ என்று பொய் சொல்லாமல், வந்த சமிக்ஞையை அதன் இயல்பு நிலைக்கு மீட்டுத் தனக்குத்தானே மறுபடி அனுப்பிக்கொண்டு மாய்வதே நேர்மை. அப்போதுதான் அதை ஏவிய ஷெல் உண்மையை அறியும். சமிக்ஞையால் முடிந்த நிரலின் முடிவெண்ணை ஷெல்கள் 128-உடன் சமிக்ஞை எண்ணைக் கூட்டிக் காட்டுவது வழக்கம். 130 என்றால் கன்ட்ரோல்-சி, 143 என்றால் 15-ஆம் சமிக்ஞை, 137 என்றால் 9-ஆம் சமிக்ஞை.

அந்த 9-ஆம் எண்ணில் வந்து நிற்கும்போது மேற்சொன்ன சாமர்த்தியம் எல்லாம் பயனற்றுப் போகிறது. அதை எந்த நிரலும் பிடிக்கவோ தடுக்கவோ முடியாது. கர்னலின் விதி அது. நினைவகம் முற்றும் தீர்ந்துபோனால் லினக்ஸ் கர்னல் ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்து இவ்வெண்ணாலேயே முடிக்கிறது. மரியாதையாகச் சொல்லியும் கேளாதவற்றுக்கும் இதுவே கதி. சிஸ்டம்-டி என்னும் மேலாண்மை நிரல், வேறுவகையாக அமைக்காவிடில், 90 விநாடிகள் காத்திருக்கும். டாக்கர் 10 விநாடிகள். குபர்நெட்டிஸ் 30 விநாடிகள். அதற்குள் ஒதுங்கி முடியாத நிரலுக்கு 9-ஆம் சமிக்ஞைதான். இவற்றுக்கெல்லாம் மேலாக மின்சாரம் ஒன்று உண்டு. அது போகும்போது சமிக்ஞையே அனுப்புவதில்லை.

ஆகவே என் கருத்து இது: முடிவுப்பணிகளை எழுதத்தான் வேண்டும், ஆனால் கணக்கின் மெய் அவற்றைச் சார்ந்திருக்கலாகாது. நிரல் எந்தக் கணத்தில் மாய்ந்தாலும், அதுகாறும் ‘பதிந்தேன்’ என்று பயனருக்குச் சொன்னவை அனைத்தும் இருக்க வேண்டும். எஞ்சிய குப்பையை அகற்றுவது, போகிறவரிடம் விடாமல் அடுத்து வருகிறவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

இது புதிய கொள்கை அன்று. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்னும் அமெரிக்கர் 1869-இல் அமைத்த முதல் காற்றுத் தடையில், வண்டியை நிறுத்தக் காற்றைச் செலுத்த வேண்டியிருந்தது. குழாய் அறுந்தால் தடை விழாது. 1872-இல் அவர் அதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை சக்கரம் விடுதலை பெற்றிருக்கும். அழுத்தம் போனால் தடை தானே பிடிக்கும். வண்டி இரண்டாக அறுந்தாலும் இரண்டு பாதிகளும் நிற்கும். நம் ரெயில்களில் நெடுங்காலம் வழங்கிய வெற்றிடத் தடையும் இத்தத்துவத்தின் வழிப்பட்டதே. கடைசி நேரத்தில் ஒருவர் ஏதேனும் செய்வார் என்று அங்கு எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை.

நிரலில் இதற்கு நேரான ஏற்பாடுகள் பல ஆண்டுகளாகவே கிடைக்கின்றன. பால் நிலையத்து நிரல் ஒரு கோப்பை உண்டாக்கி, அது இருப்பதையே பூட்டாகக் கொண்டது. ஆகையால் நிரல் மாய்ந்தபின்னும் பூட்டு நின்றது. அதற்கு மாறாக, கர்னலிடம் எஃப்லாக் என்னும் முறையால் பூட்டைக் கேட்டிருந்தால், நிரல் எவ்விதம் மாய்ந்தாலும் கர்னலே அதை விடுவித்திருக்கும். காலையில் முக்கால் மணி நேரம் வீணாகியிராது. தற்காலிகக் கோப்பும் அவ்வாறே. திறந்தவுடன் அதன் பெயரை அகற்றிவிட்டால், நிரல் உயிரோடிருக்கும்வரை மட்டும் அக்கோப்பு பெயரின்றி வாழ்ந்து, நிரலோடு மறையும். நீக்கும் பணி யாருக்கும் இல்லை.

பதிவுகளைப் பற்றியவரை, தமிழ்நாட்டார் பெருமைப்படத்தக்க சான்று ஒன்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-இல் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்த சி. மோகன், தம் சகாக்களுடன் 1992-ஆம் ஆண்டில் ஏரீஸ் என்னும் மீட்பு முறையை விரிவாக வெளியிட்டார். தரவுத்தளங்களின் உலகில் அதன் செல்வாக்கு மிகப் பெரிது. எந்த மாற்றத்தையும் அதன் இடத்தில் எழுதுமுன், ‘இன்னது செய்யப்போகிறேன்’ என்று ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. கணிப்பொறி வீழ்ந்து எழுந்தபின், முதலில் அக்குறிப்பைப் படித்து நிலைமையை அறிகிறது. அடுத்து நடந்தவற்றை எல்லாம் மீண்டும் நடத்துகிறது. இறுதியில், முடிவுபெறாது நின்றவற்றை மட்டும் பின்னோக்கி அழிக்கிறது. விழும்போது செய்யவேண்டியது ஒன்றுமில்லை. பொறுப்பு முழுவதும் எழும்போதுதான்.

இதற்குப் பெரிய தரவுத்தளம் வேண்டும் என்பதில்லை. நம் கைப்பேசி ஒவ்வொன்றிலும் உள்ள எஸ்க்யூலைட் என்னும் சிறு நூலகம் 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பாதியில் நின்ற மாற்றத்தின் குறிப்பேடு எஞ்சியிருந்தால், அடுத்துத் திறக்கும்போது அதைக் கண்டுகொண்டு பழைய நிலைக்குத் தானே மீளும். விம் என்னும் எழுதுகருவியும், தட்டுவதை அவ்வப்போது ஒரு துணைக்கோப்பில் சேமித்து, விபத்துக்குப்பின் திறக்கும்போது ‘மீட்கலாமா?’ என்று கேட்கும். வெறும் கோப்பில் எழுத விரும்பும் நிரலுக்கும் வழியுண்டு. ஒவ்வொரு பதிவையும் உடனுக்குடன் கடைசியில் சேர்த்து எழுதி, எஃப்சிங்க் என்னும் கட்டளையால் வட்டு வரை கொண்டு சேர்த்தபின்பே ‘பதிந்தேன்’ என்று திரையில் காட்டலாம். முழுக் கோப்பையும் மாற்ற வேண்டுமாயின், புதியதை வேறு பெயரில் எழுதி, வட்டில் சேர்த்து, பின்னர் பழைய பெயரைச் சூட்டலாம். பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயலாதலால், எக்கணத்தில் நின்றாலும் பழையதோ புதியதோ முழுமையாகவே இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கர்னலிடம் எழுத்தை ஒப்படைத்தல் வேறு, அது வட்டை அடைதல் வேறு. முன்னது நடந்துவிட்டால் நிரல் மாய்ந்தாலும் எழுத்து தப்பும். மின்சாரம் போனால் தப்பாது. நிரலின் சாவுக்கும் யந்திரத்தின் சாவுக்கும் உள்ள இவ்வேறுபாட்டைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

எஃப்சிங்க் வேகத்தைக் குறைக்கும் என்று ஆட்சேபிப்பவர் உண்டு. நொடிக்குப் பல்லாயிரம் பதிவுகள் வரும் இடத்தில் அது கவனிக்கத்தக்க ஆட்சேபமே. பால் நிலையத்தில் ஒருவர் பாத்திரத்தைக் கவிழ்த்து, கழுவி, குடையைத் தேடி எடுத்துச் செல்வதற்குள் வட்டு எத்தனையோ முறை எழுதி முடித்துவிடும்.

இக்கொள்கையை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர்கள், 2003-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் காண்டியாவும் ஆர்மாண்டோ ஃபாக்ஸும் ஆவர். வீழ்ச்சியிலிருந்து பிழைத்தெழ வல்ல நிரலுக்கு, முறையாக நிறுத்தும் வழி தனியே எதற்கு என்பது அவர்கள் வினா. நிறுத்த வேண்டுமாயின் வீழ்த்துக. தொடங்க வேண்டுமாயின் மீட்க. அவ்வாறாயின் மீட்கும் வழி நாள்தோறும் சோதிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அவசர வாயில் ஆண்டுக்கொருமுறை திறக்கப்படுவதைவிட அன்றாட வாயிலாகவே இருப்பது நல்லது என்னும் இவ்வாதத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் கட்டளைவரி நிரல்களைப் பொறுத்தமட்டில் நான் அவ்வளவு தூரம் செல்லத் துணியேன். கடவுச்சொல் கேட்பதற்காகத் திரையில் எழுத்துத் தோன்றுவதை நிறுத்தி வைத்த நிரல் திடீரென மாய்ந்தால், பின்னர்ப் பயனர் தட்டுவது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எஸ்.டி.டி.ஒய். சேன் என்று குருட்டாம்போக்கில் தட்டி மீள்வது அறிந்தவர்க்கே இயலும். தான் ஏவிய துணைநிரல்களை அனாதையாக்குவதும், தொலைவிலுள்ள யந்திரத்தில் எடுத்த இடத்தைத் திருப்பித் தராமற் போவதும் அயலாரை வருத்தும். கணக்கு பிழைத்தால் போதும், மரியாதை எதற்கு என்று கூறுவது நம் மரபுக்கு ஒவ்வாது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். நிரலை முடிக்கும் கட்டளைக்கு யூனிக்ஸ் ஆசிரியர்கள் ‘கொல்’ என்று பெயரிட்டுவிட்டனர். அதன் உண்மைப் பணி சமிக்ஞை அனுப்புவதே. எல்லாச் சமிக்ஞையும் கொல்வதன்று. மாணவர் பலர் அப்பெயரால் மயங்கி, எடுத்தவுடன் 9-ஆம் எண்ணைப் பிரயோகிக்கின்றனர். விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்லலாகாது, ‘போய் வருகிறேன்’ என்றே சொல்ல வேண்டும் என்று நம் வீடுகளில் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறோம். நன்கு எழுதப்பட்ட நிரலின் முடிவை விளக்க இதனினும் பொருத்தமான தொடர் எனக்குக் கிட்டவில்லை. கலைச்சொற் குழுவினர் ஏற்பார்களா என்பது வேறு விஷயம்.

நடைமுறைக்கு வருவோம். கூட்டுறவு நிலையங்களும் அரசாங்கக் காரியாலயங்களும் நிரல்களை வாங்கும்போது, திரையின் அழகையும் அறிக்கைகளின் எண்ணிக்கையையும் பார்க்கின்றனவே அன்றி, முடிவை ஒருவரும் சோதிப்பதில்லை. ஒப்பந்த நிபந்தனைகளில் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்குவது கடினமன்று. சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நிரல் ஓடுகையில் சாளரத்தை மூடுக. 15-ஆம் சமிக்ஞை அனுப்புக. 9-ஆம் சமிக்ஞை அனுப்புக. கன்ட்ரோல்-சியை இருமுறை தொடர்ந்து அழுத்துக. ஒவ்வொரு முறையும் மீண்டும் தொடங்கி, யாருடைய உதவியும் இன்றி எழுகிறதா என்று காண்க. வெவ்வேறு கணங்களில் இதை ஐம்பது முறையாவது செய்ய வேண்டும். ஒருமுறை தப்பியது தற்செயலாகவும் இருக்கக்கூடும். இவற்றுக்கு நிரலை விற்பவர் மேசையே போதுமானது.

கடைசிச் சோதனையை மட்டும் நிரல் பணிபுரியப்போகும் இடத்திலேயே, உறுப்பினர் முன்னிலையில் நடத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள். மாலை வேளையில், பால் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, யு.பி.எஸ். பெட்டியையும் சேர்த்துக் கழற்றிவிட்டு, சுவரிலுள்ள பிளக்கைப் பிடுங்க வேண்டும். அதுவரை ஊற்றியவர்களின் பெயரையும் அளவையும் ஒருவர் நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். பிளக்கை மீண்டும் செருகி, கணிப்பொறி எழுந்தபின், நோட்டையும் திரையையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்புநோக்க வேண்டும். ஒரு வரி குறைந்தாலும் பணம் கொடுப்பதற்கில்லை.